விதி இருக்கிறது, விளக்கம் எங்கே?

2023 மார்ச். பூதப்பாண்டிப் பக்கம் கும்பப்பூ அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்கடன் பேங்கிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. வட்டி மறுபடியும் கூடியிருக்கிறது, மாதத் தவணை மாறாது, கடன் முடியும் காலம் நீளும். மொத்தம் இரண்டு வரி. அத்தான் வாங்கிப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, நீ வாங்குனதும் கடன். நான் சொசைட்டியில வாங்குனதும் கடன். ஒனக்கு வருசத்துல ஆறு தடவ வட்டி கூடியாச்சு, எனக்கு ஒருக்காலும் கூடல்லியே. அது என்ன கணக்காக்கும்?"

கணக்கு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்ல ஆரம்பித்த பிறகுதான், பாதி தெரியாது என்று புரிந்தது. அன்றைக்குத் தொடங்கிய வாசிப்பின் குறிப்புகள் இவை. உர்ஜித் படேல் குழு 2014 ஜனவரியில் கொடுத்த அறிக்கையையும், அதிலிருந்து 2016இல் பிறந்த சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். என் விமர்சனம் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போன ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது.

முதலில் அத்தானுக்குச் சொன்ன பதில். அவருடையது பயிர்க்கடன். 7 சதவீதம், தவணைக்குள் கட்டினால் அந்த வட்டியையும் அரசு ஏற்றுக்கொள்ளும். ரிசர்வ் வங்கி மும்பையில் என்ன முடிவெடுத்தாலும் அந்த விகிதம் அசையாது. என்னுடையது ரெப்போ விகிதத்தோடு கட்டிப்போட்ட கடன். பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கொடுக்கிற பணத்தின் வட்டிதான் ரெப்போ. 2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் கொடுக்கிற புது வீட்டுக்கடன்களை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கவேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்னால் ரெப்போ குறைந்தாலும் பேங்குகள் மெதுவாகத்தான் குறைக்கும் என்கிற புகார் இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் இந்த இணைப்பு. குறையும்போது உடனே குறையும் என்றால், கூடும்போதும் உடனே கூடும். கையெழுத்துப் போடும்போது இரண்டாவது பாதியை யோசிக்கவில்லை.

2022 மே 4 அன்று ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பரில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம். நான் 2021 மார்ச்சில் 20 லட்சம் வாங்கியிருந்தேன், 7 சதவீதம், 20 வருஷம், மாதம் சுமார் 15,500 ரூபாய். விகிதம் 9.5 ஆனபோது பாக்கி 19 லட்சத்து 24 ஆயிரம் சொச்சம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டுமே 15,200 ரூபாய். கட்டுகிற 15,500இல் அசலுக்குப் போனது முந்நூறு ரூபாய்கூட இல்லை. அப்படியே விட்டால் கடன் முடிய 40 வருஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு அப்போதே 42 வயசு. மிச்சமிருந்த 18 வருஷத்தில் முடிக்கவேண்டுமென்றால் மாதம் 18,600 கட்டவேண்டும். "தவணை மாறாது" என்கிற ஆறுதல் வாக்கியத்துக்கு உள்ளே இவ்வளவும் இருந்தது.

(2023 ஆகஸ்ட் 18இல் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்கச் சொன்னது. எனக்கு ஐந்து மாதம் பிந்தி வந்தது.)

சரி, மும்பையில் இந்த எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள்? அதற்கு ஒரு விதி உண்டா?

டெய்லர் விதி

வட்டி விகித விதி என்று பொருளாதாரத்தில் சொல்லும்போது முதலில் வருவது ஜான் டெய்லர் 1993இல் எழுதிய கட்டுரை. அமெரிக்க மத்திய வங்கியின் நடத்தையை ஒரு சின்னச் சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார். சூத்திரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி: இப்போதைய பணவீக்கத்தை எடுத்துக்கொள். இயல்பான உண்மை வட்டி என்று 2 சேர். பணவீக்கம் இலக்கான 2ஐத் தாண்டியிருந்தால், தாண்டியதில் பாதியைச் சேர். நாட்டின் உற்பத்தி அதன் இயல்பு அளவைத் தாண்டியிருந்தால், அதிலும் பாதியைச் சேர். வருகிற கூட்டுத்தொகைதான் வட்டி.

இதில் உயிரான விஷயம் ஒன்று. பணவீக்கம் ஒரு சதவீதம் கூடினால் வட்டி ஒன்றரை சதவீதம் கூடவேண்டும். ஏன் ஒன்றுக்கு மேல்? விலைவாசி 7 சதவீதம் ஏறும்போது 4 சதவீத வட்டிக்குப் பணம் கிடைத்தால், கடன் வாங்குவது லாபம், சேமிப்பது நஷ்டம். எல்லோரும் வாங்குவார்கள், விலை இன்னும் ஏறும். வட்டி விலையைவிட வேகமாக ஓடினால்தான் கடிவாளம் பிடிக்கும்.

விதி எதற்கு, கெட்டிக்காரர்கள் கூடி முடிவெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 1977இல் கிட்லண்டும் பிரெஸ்காட்டும் இதற்குப் பதில் எழுதினார்கள். அரசு விலையைக் கட்டுப்படுத்துவேன் என்று வாக்குக் கொடுக்கும். மக்கள் நம்பிச் சம்பளமும் விலையும் பேசி முடித்த பிறகு, கொஞ்சம் வட்டியைக் குறைத்தால் தற்காலிகமாக வேலையும் வியாபாரமும் கூடும் என்கிற ஆசை வரும். அந்த ஆசை வரும் என்பது மக்களுக்கும் தெரியும். அதனால் வாக்கை முதலிலேயே நம்பமாட்டார்கள். ஆசை வராதபடி கையைக் கட்டிக்கொள்வதே அரசுக்கு நல்லது. நம் ஊரில் சீட்டு பிடிக்கிறவர் தேதியையும் தொகையையும் முதல்நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது இதே காரணத்துக்காகத்தான்.

அப்படியானால் சூத்திரத்தை அப்படியே இங்கே போட்டுப் பார்ப்போமா? போட்டேன். இலக்கு நமக்கு 4. இயல்பான உண்மை வட்டி 1 என்று வைத்துக்கொண்டேன் (ரிசர்வ் வங்கியின் 2022 ஜூன் இதழில் வந்த மதிப்பீடு 0.8 முதல் 1 வரை). உற்பத்தி இடைவெளியைப் பூஜ்யம் ஆக்கினேன். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79. சூத்திரம் சொல்லும் வட்டி சுமார் 10.7. அந்த மாதம் ரெப்போ 4. இன்னொரு மாதம்: 2025 அக்டோபர், பணவீக்கம் 0.25. சூத்திரம் சொல்வது பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் 0.6. அந்த மாதம் ரெப்போ 5.50.

என் சூத்திரம் முரட்டுத்தனமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடைவெளியைப் பாருங்க. எந்த மத்திய வங்கியும் இப்படி இயந்திரமாக நடந்துகொள்ளாது, நடந்துகொள்ளவும் கூடாது. டெய்லரே அந்தக் கட்டுரையில் இதை எந்திரம்போலப் பின்பற்றச் சொல்லவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உற்பத்தி இடைவெளி போன்ற எண்கள் பின்னால் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். முடிவெடுக்கிற நாளில் கையில் இருந்த எண்ணைப் போட்டால் ஒரு விடை, திருத்திய எண்ணைப் போட்டால் வேறு விடை. இதை அமெரிக்கப் புள்ளிவிவரங்களை வைத்து ஒர்பனிடிஸ் 2001இல் காட்டினார்.

தக்காளிக்கு வட்டி தெரியுமா?

நம் நாட்டில் சூத்திரத்தை அப்படியே போடமுடியாததற்கு இன்னொரு காரணம் நம் சாப்பாடு. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவும் பானங்களும் மட்டும் சுமார் 46 சதவீதம். 2023 ஜூலையில் வடசேரி சந்தைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தக்காளி வாங்கப் போய் வெறும் பையோடு வந்த மாதம் அது. பணவீக்கம் 7.44 ஆனது. ரெப்போவைக் கூட்டினால் தக்காளிச் செடி காய்க்குமா? சாளை கூடுதலாக வலையில் விழுமா?

ஆகஸ்டில் கூடிய பணக்கொள்கைக் குழு (பத்திரிகைகளில் நிதிக் கொள்கைக் குழு என்பார்கள்) விகிதத்தை 6.50இலேயே வைத்தது. காய்கறி விலை தானாக இறங்கும், பொறுத்துப் பார்ப்போம் என்று காரணமும் சொன்னது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02க்கு வந்தது. இந்த இடத்தில் குழுவின் மேல் எனக்குக் குறை இல்லை. விதியிலிருந்து விலகினார்கள், ஏன் விலகினோம் என்று சொன்னார்கள், சொன்னது நடந்தது.

உணவை விட்டுவிட்டு மற்ற விலைகளுக்கு மட்டும் இலக்கு வைத்தால் என்ன என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கேட்டது. கேட்க நியாயமாகத்தான் படும். எனக்கு உடன்பாடில்லை. அத்தானுடைய ஆட்களின் கூலி அரிசி விலையைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. உணவு விலை கொஞ்ச நாள் ஏறி நின்றால் கூலிக்குப் போகும், கூலியிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் போகும். படேல் குழுவும் மக்களின் எதிர்பார்ப்பை உணவும் எரிபொருளும்தான் உருவாக்குகின்றன என்ற காரணத்தால் முழுக் குறியீட்டையே எடுத்துக்கொண்டது. அதில் குழு சரி.

ஆக, நமக்கு இருப்பது சூத்திர விதி அல்ல, இலக்கு விதி. எண்ணைச் சட்டப்படி அரசு அறிவிக்கும்: 4, மேலே 2, கீழே 2. அங்கே போகிற வழியைக் குழு முடிவு செய்யும். இவ்வளவு சுதந்திரம் கொடுத்த பிறகு, அது விதியாக நிற்பதற்கு ஒரே ஒரு ஆணிதான் இருக்கிறது. தவறினால் விளக்கம் சொல்லவேண்டும். என் விமர்சனம் முழுக்க அந்த ஆணியைப் பற்றித்தான்.

தொலைந்த சொல்

படேல் குழு அறிக்கை தவறுதலைத் தெளிவாக வரையறுத்தது. தொடர்ந்து மூன்று காலாண்டு எல்லைக்கு வெளியே போனால் தவறியதாகப் பொருள். அப்போது என்ன செய்யவேண்டும்? குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டு, பொதுமக்களுக்கு ஒரு அறிக்கை வெளியிடவேண்டும். ஏன் தவறினோம், என்ன செய்யப்போகிறோம், எப்போது திரும்பி வரும் என்று மூன்றும் அதில் இருக்கவேண்டும். 2014இல் பரிந்துரை இது.

அடுத்து 2015 பிப்ரவரி 20 அன்று அரசும் ரிசர்வ் வங்கியும் போட்ட ஒப்பந்தம். மூன்று விஷயங்களும் இருக்கின்றன. ஆனால் அறிக்கை போகிற முகவரி மாறிவிட்டது: மத்திய அரசுக்கு. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் சேர்த்த 45இசட்என் பிரிவும் அப்படியே. காரணம், பரிகாரம், காலம் எல்லாம் உண்டு. "பொது" என்ற சொல் மட்டும் இல்லை. குழுவின் கூட்டக் குறிப்புகளை, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதோடு, 14ஆவது நாள் வெளியிடவேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணக்கொள்கை அறிக்கையும் வரவேண்டும். தினப்படி முடிவுக்கு இவ்வளவு வெளிச்சம், தோல்விக்கு மட்டும் மூடிய கவர்.

2022இல் அந்தக் கவர் முதல்முறையாகப் போனது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் சராசரிப் பணவீக்கம் 6ஐத் தாண்டியது. நவம்பர் 3 அன்று குழு இதற்கென்றே தனியாகக் கூடியது. கடிதம் அரசுக்குப் போனது. வெளியிடும் அதிகாரம் தனக்கு இல்லை என்கிற நிலையை அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் எடுத்தார். வெளியிடச் சொல்லிச் சட்டத்தில் இல்லை என்று அரசு சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. அதுதான் பிரச்சினையே.

இந்தக் கடிதத்தில் நான் படிக்க விரும்பியது என்ன? போர் வந்தது, எண்ணெய் ஏறியது என்கிற பகுதி எல்லோருக்கும் தெரியும். 2022 பிப்ரவரியில், போருக்கு முன்னால், அடுத்த நிதியாண்டின் பணவீக்கம் 4.5 என்று கணித்தார்கள். ஏப்ரல் கூட்டத்தில் அதை 5.7 ஆக்கினார்கள், ஆனால் ரெப்போவை 4இலேயே விட்டார்கள். நாலு வாரம்கூட ஆகவில்லை, மே 4 அன்று நடுவில் திடீரென்று கூடிக் கூட்டினார்கள். அந்த ஆண்டு பணவீக்கம் கடைசியில் 6.7. தளர்வான நிலைப்பாட்டை இவ்வளவு நாள் தொடரவேண்டுமா என்று ஜயந்த் வர்மா உள்ளேயிருந்தே மாற்றுக்கருத்து எழுதிக்கொண்டிருந்தார். அப்படியானால் தவறுதலில் போரின் பங்கு எவ்வளவு, தாமதத்தின் பங்கு எவ்வளவு? தாமதம் தவறு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கொரோனாவில் விழுந்த பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடிக்க அந்தக் குறைந்த வட்டி தேவைப்பட்டது என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தைச் செய்யவேண்டியவர்கள் அவர்கள். செய்தார்களா, கவருக்குள் இருக்கிறதா, தெரிய வழியில்லை.

வெளியிட்டால் சந்தை கலங்கிவிடும் என்று ஒரு மறுப்பு வரும். பிரிட்டனில் பணவீக்கம் இலக்கான 2இலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினாலே ஆளுநர் நிதியமைச்சருக்குத் திறந்த கடிதம் எழுதவேண்டும். 2007 ஏப்ரலில், பணவீக்கம் 3.1 ஆனபோது, மெர்வின் கிங் முதல் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதனால் பவுண்டு முழுகிப்போகவில்லை.

இன்னொரு மறுப்பு நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. கடிதம் வெளிவந்திருந்தால் என் தவணை ஒரு ரூபாய் குறைந்திருக்குமா? குறைந்திருக்காது. ஆனால் 2022 டிசம்பரில் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. மனைவியின் ஆறு பவுன் சங்கிலியை விற்று அசலில் கொஞ்சம் அடைக்கலாமா, இல்லை பொறுக்கலாமா? வட்டி ஆறு மாதத்தில் இறங்கும் என்றால் சங்கிலியைத் தொடவேண்டாம். இரண்டு வருஷம் நிற்கும் என்றால் விற்பது புத்தி. ரெப்போ 6.50இல் 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை, சரியாக இரண்டு வருஷம், நின்றது. முன்கூட்டி இதை யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் "பணவீக்கம் எப்போது இலக்குக்குத் திரும்பும்" என்று பொறுப்பில் இருந்தவர்கள் எழுத்தில் கொடுத்த மதிப்பீடு ஒன்று இருந்தது. அதை அடிப்படையாக வைத்து முடிவெடுக்கவேண்டிய லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது கிடைக்கவில்லை. நாங்கள் விற்கவில்லை. அதற்குப் பின் தங்கம் ஏறிய ஏற்றத்தில் அது நல்லதாகவே முடிந்தது, ஆனால் அது அதிர்ஷ்டம். கணக்குப் போட்டு எடுத்த முடிவு இல்லை.

கல்லில் வெட்டிய வட்டி

இதைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, வட்டியில் விளக்கும் பூசையும் நடக்க ஏற்பாடு செய்தார்கள். வட்டிக்கு அன்றைய பெயர் பொலிசை. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை மாறாத விகிதம். வட்டி விதியாகப் பார்த்தால் மோசமான விதி. மழை பொய்த்தாலும் அதே அரைக்கால், விளைந்தாலும் அதே அரைக்கால்.

ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தார்கள். யார் எவ்வளவு வாங்கினார், என்ன வட்டி, யார் கொடுக்கவேண்டும் என்பதைச் சுவரில் வெட்டிவைத்தார்கள். விகிதம் நெகிழாதது, கணக்கு வெளிப்படையானது. நம்முடைய இன்றைய ஏற்பாட்டில் விகிதம் நெகிழ்கிறது, அது முன்னேற்றம். அந்த நெகிழ்வுக்கு விலையாகக் கணக்கு இன்னும் கூடுதல் வெளிச்சத்தில் இருக்கவேண்டும். தோல்வி வரும்போது அது கவருக்குள் போவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்ய ஒரு விவாத அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. முழுக் குறியீடா, உணவு தவிர்த்ததா, 4 சரியா, எல்லை எவ்வளவு என்று கேள்விகள். எல்லாம் எண்களைப் பற்றியவை. நான் சேர்க்க விரும்பும் கேள்வி எண்ணைப் பற்றியது அல்ல: 45இசட்என் பிரிவில் "அறிக்கை பொதுவில் வெளியிடப்படவேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன தடை? படேல் குழு கேட்டதுதான். புதிதாக எதுவும் இல்லை.

போன மாதம் அத்தானிடம் இதையெல்லாம் திரும்பச் சொன்னேன். முழுதும் கேட்டார். "அப்போ இலக்கு தப்பிப்போச்சுன்னு அவுக எழுதிக் குடுத்தது உண்டு. படிச்சவுகளும் உண்டு. வட்டி கட்டுன நீ மட்டும் படிக்கக்கூடாது. அதானே?" என்றார்.

அதேதான் அத்தான். இவ்வளவு சொல்லில் நான் சொன்னது அவ்வளவுதான்.